பாரமும் அதன் இடமும்

மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திலே திருவள்ளுவர் கூறினார். அஃது அளவைப் பற்றிய அறிவுரை. அளவு மிகாதவிடத்தும், பாரம் வைக்கப்பட்ட இடம் பிழைத்தாற் கேடு விளையும் என்பது அதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க பிறிதோர் உண்மை. முன்னதைத் தமிழ்ப் பாடத்தில் எல்லா மாணவரும் கற்கின்றனர். பின்னதைக் கணக்கிட்டுக் காணும் பயிற்சியோ பெரும்பாலும் உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்வோர்க்கே வாய்க்கின்றது. இந்நிலை மாறுதல் வேண்டும் என்பதே யாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

தமிழாசிரியனுக்குப் பொறியியலில் என்ன வேலை என வினவுவார் உளர். நம் வண்டிற்காரர் 'முன்பாரம்', 'பின்பாரம்' என்னும் இரு சொற்களை வழங்கினர். இரட்டைச் சில்லு வண்டிலின் தட்டிலே மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக்கயிறு எருதை நெரிக்கும். ஆதலின் மூட்டையைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தி, நுகம் இலேசாகப் படியுமாறு அமைத்த பின்னரே வண்டிலைச் செலுத்தினர். ஏட்டுக் கணக்கு அறியாத அவர்கள் செய்தது திணிவு மையத்தைத் தேடும் வேலையே. சொல்லும் செயலும் நம்மிடம் இருந்தன. அவற்றை எண்ணோடு இணைப்பதே எஞ்சிய பணி.

அவ்வெண் கடினமானதன்று. ஒவ்வொரு பாரத்தையும், ஒரு விளிம்பிலிருந்து அஃதிருக்கும் தூரத்தாற் பெருக்குக, பெருக்கங்களைக் கூட்டுக, வந்த தொகையை மொத்தப் பாரத்தால் வகுக்க. கிடைப்பது அவ்விளிம்பிலிருந்து திணிவு மையத்தின் தூரம். நீளத்துக்கு ஒருமுறையும் அகலத்துக்கு ஒருமுறையும் இதனைச் செய்தல் வேண்டும். மேடையின் சொந்தப் பாரத்தையும் மறவாது சேர்த்தல் வேண்டும்.

8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 2000 கிலோகிராம் திணிவும் உடைய சீரான மேடை ஒன்றைக் கொள்வோம். 1000 கிலோகிராம் வாகனம் ஒன்று முன்விளிம்பிலிருந்து 2 மீற்றரில், அகலத்தின் நடுவே நிற்கின்றது. ஆளுக்கு 50 கிலோகிராமாக 20 பேர், 7 மீற்றரில், இருபுறமும் ஒப்பப் பரந்து நிற்கின்றனர். நீளவாக்கில் 8000, 2000, 7000 என்பவற்றின் கூட்டுத்தொகை 17000. அதனை மொத்தத் திணிவாகிய 4000 ஆல் வகுப்பின் 4.25 மீற்றர். நடுவிலிருந்து 25 சதமமீற்றரே விலகல். அகலவாக்கில் விலகலே இல்லை. இப்பொழுது அந்த 20 பேரும் வேடிக்கை காண இடப்புறம் சென்று, விளிம்பிலிருந்து அரை மீற்றரில் நெருங்கி நிற்பாராயின், அகலவாக்கில் 4000, 2000, 500 கூடி 6500 ஆகும். 4000 ஆல் வகுக்க 1.625 மீற்றர். ஒரு கிலோகிராமேனும் கூடவில்லை. ஆயினும் மையம் 37.5 சதமமீற்றர் பெயர்ந்துவிட்டது.

நிலத்தில் நிற்கும் மேடை இதனைப் பெரும்பாலும் பொறுக்கும். நீரில் மிதப்பது உடனே சாயும். சாய்ந்த பக்கம் மிகுதியான நீரை இடம்பெயர்த்தலால், நீரின் மேலுதைப்பும் அப்பக்கம் நகர்ந்து மேடையைத் தாங்க முயலும். விளிம்பு நீருள் அமிழ்ந்தபின் அவ்வுதவி விரைந்து குன்றும். மக்கள் இருப்பதைவிட நிற்கும்போது மையம் உயர்தலும் ஆபத்தைப் பெருக்கும்.

தீவுகளும் களப்புகளும் நிறைந்த நம் நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நெடுங்காலம் மக்களைச் சுமந்த மிதவையைப் 'பாதை' என்றே வழங்கினோம். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணியில் அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணங்களைத் தீர்ப்பிடுதல் எம் பணியன்று. பிள்ளைகள் நாளும் கால்வைக்கும் பலகை எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதை அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தல் எம் பணியே.

ஏற்றத்தக்க தொகையைச் சட்டத்தால் வரையறுத்தாற் போதும் என்பர் சிலர். தொகை வேண்டற்பாலதே, ஐயமில்லை. எனினும் தொகைப் பலகை ஏறும்போது ஒருமுறை பார்க்கப்படுவது. மையமோ ஒவ்வோர் அடிவைப்பிலும் அசைவது. அசைவதைக் காக்கவல்லது ஏறியவரின் அறிவு ஒன்றே. ஒருபுறம் குவியாதீர் என்னும் ஆணையைக் காரணம் அறியாதவன் சினந்து கேட்பான். அறிந்தவன் தானே விலகி நிற்பான்.

ஆதலின் இரண்டு செய்யலாம். ஒவ்வொரு மிதவையின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்திற் கோடுகள் தீட்டுக. நான்கு மூலைகளிலும் நீருக்கு மேலே ஒத்த அளவு கோடுகள் தெரியின் பாரம் நடுவிலுள்ளது. ஒரு மூலையிற் குறையின் பாரம் அப்பக்கம் மிக்கது. எழுத்தறியாதாரும் படிக்கத்தக்க பலகை இது. மற்றையது, நம் கல்லூரியில் ஆறாம் வகுப்பு முதலாக எல்லா மாணவரும் ஒரு பலகையையும் சில படிக்கற்களையும் கொண்டு, முதலிற் கணக்கிட்டும் பின்னர் உருளைமேற் பலகையை நிறுத்தியும் மையத்தைக் காணப் பழகுதல். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

எம் பழைய மாணவருள் பொறியியலாளரும் கப்பற்றுறையினரும் ஆசிரியரும் உளர். இவ்விழா ஆண்டிலே மண்டபமும் மதிலும் எழுப்புவதோடு, இச்சிறு பயிற்சியையும் தம் கல்லூரிக்கு அவர்கள் வழங்குவாராக. திணிவு மையம், திருப்பம், மேலுதைப்பு என நல்ல தமிழ்ச்சொற்களை முன்னோர் ஆக்கித் தந்துள்ளனர். அவை வினாத்தாளோடு நின்றுவிடாது துறைமுகத்துக்கும் வண்டிப்பாதைக்கும் செல்லும் நாளிலேயே, தமிழில் அறிவியல் கற்பித்தோம் என்று நாம் மெய்யாகச் சொல்லலாம்.