தாயத்து வேண்டாம், அளவு சொல்லுங்கள்!

தெருவில் ஒரு செல்போன் கோபுரம் எழும்புகிறது. உடனே பேச்சும் கிளம்புகிறது. "புற்றுநோய் வருமாம்!" "குழந்தைகளுக்கு ஆகாதாம்!"

பயம் வந்தால், பின்னாலேயே வியாபாரியும் வருவான். செல்போனில் ஒட்ட ஒரு வில்லை. கழுத்தில் போட ஒரு பதக்கம். "கதிர்வீச்சைத் தடுக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள்.

வாங்கலாமா? கூடாது!

நெதர்லாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். செல்போன் அலையைத் தடுப்பதாகச் சொல்லி அங்கே மாலைகளும் காப்புகளும் விற்றார்கள். அணுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவற்றைச் சோதித்தார்கள். 10 பொருள்கள் தாமே அணுக்கதிரை வீசின! குழந்தைகள் அணியும் காப்பும் அதில் ஒன்று. "யாரும் அணியாதீர்கள்" என்று 2021 டிசம்பரில் எச்சரித்தார்கள்.

இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதா?

கலங்கரை விளக்கம் போல

கோபுரம் வீசுவது வானொலி அலையின் இனம். எக்ஸ்ரே வேறு, இது வேறு. எக்ஸ்ரேக்கு உயிரணுவைச் சிதைக்கும் பலம் உண்டு. இதற்கு அது இல்லை. அளவுக்கு மிஞ்சினால் உடம்பில் சூடு உண்டாக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-ல் இந்த அலையை, "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. நிரூபணம் ஆகிவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆகவே பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கோபுரத்தின் அலை, கலங்கரை விளக்கின் ஒளி போல நேராகப் போகும். காலடியில் இருக்கும் வீட்டைவிட, எதிரே அதே உயரத்தில் இருக்கும் மாடிக்குத்தான் அதிகம் எட்டும். தூரம் 2 மடங்கானால், அலையின் வலு 4-ல் 1 பங்காகக் குறையும். ஆகவே அலையை அடக்க வேண்டிய இடம் கோபுரம்தான். அதன் உயரம், திசை, சக்தி மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

சன்னலைத் தகரத்தால் மூடினால் அலை குறையுமே என்பீர்கள். குறையும்தான். ஆனால் உள்ளே இருக்கும் செல்போன், கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டும். அதுவோ உங்கள் காதை ஒட்டி இருக்கிறது!

பலகை எங்கே?

இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர அலைக்குக் கடுமையான எல்லை வகுத்தது. சர்வதேச அளவில் 10-ல் 1 பங்குதான் அது. 2017-ல் "தரங் சஞ்சார்" என்ற இணையதளத்தையும் தொடங்கியது. அதில் 4,000 ரூபாய் கட்டினால், நம் இடத்திலேயே வந்து அளந்து காட்டுவார்கள் என்று அறிவித்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூலிக்குப் போகிறவர் 4,000 ரூபாய்க்கு எங்கே போவார்?

ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைக்கிறார்கள். கோபுரத்துக்கு ஏன் கூடாது? தமிழில் மூன்றே வரி போதும். எல்லை இவ்வளவு. இங்கே அளந்தது இவ்வளவு. அளந்த தேதி இது. கோபுரத்தால் லாபம் அடைகிறவர்கள் செலவை ஏற்கட்டும்.

உங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் அந்த மூன்று வரியைப் படித்துவிடுவார். படித்தவர் பதக்கம் வாங்கப் போகமாட்டார்!