உப்பும் சொந்தம், வெண்ணெயும் சொந்தம்... கடலோர கிராமத்து பப்பில் ஒரு மதிய விருந்து!

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரைத் தாண்டி மேற்கே போனால் வீடுகள் குறைந்துகொண்டே வரும். ஒரு பக்கம் சதுப்பு நிலம். மறு பக்கம், கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கரை. அந்தக் கரைக்குக் கீழே தனியாக நிற்கிறது ஒரு பப். வெளியிலிருந்து பார்த்தால், வண்டியை நிறுத்தத் தோன்றாது. அவ்வளவு சாதாரணம்!

பப்பின் பெயர் 'தி ஸ்போர்ட்ஸ்மேன்'. ஊர், சீசால்டர். 2008-ல் இந்தக் கடைக்கு மிஷ்லின் ஸ்டார் கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆய்வாளர்கள் தரும் அங்கீகாரம் அது. 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், பிரிட்டனின் தேசிய உணவக விருதுகளில் முதலிடமும் பிடித்தது. லண்டனின் பளபளக்கும் ரெஸ்டாரன்ட்டுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பப்பா... அங்கே சாப்பாடா?

'பப்' என்றதும் நம்மில் பலருக்கு இருட்டும் இரைச்சலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆங்கிலக் கிராமத்து பப் வேறு ரகம். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் இடம் அது. ஞாயிறு மதியம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் சகிதம் வந்து ரோஸ்ட் சாப்பிடுவார்கள். வளர்ப்பு நாய்கூட கணப்படுப்பு ஓரமாகப் படுத்திருக்கும்.

ஆனால் ருசிக்கு யாரும் பப்பைத் தேடிப் போனதில்லை. பீருக்குத் துணையாக சிப்ஸ், பை என்று ஏதாவது கிடைக்கும், அவ்வளவுதான். 1991-ல் லண்டன் ஃபாரிங்டன் பகுதியில் 'தி ஈகிள்' என்ற பப், நல்ல சமையலை முன்னிறுத்தியது. 'காஸ்ட்ரோபப்' என்ற புதுச் சொல்லும் பரவியது. 2007-ல் இங்கிலாந்து பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்த பிறகு, குடும்பங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவும் வழி பிறந்தது.

வாத்தியார் சமையல்காரர் ஆன கதை

ஸ்போர்ட்ஸ்மேனை 1999-ல் எடுத்து நடத்த வந்தவர்கள் ஸ்டீபன் ஹாரிஸும் அவர் சகோதரர் ஃபில்லும். கட்டடம் சொந்தமில்லை. பக்கத்து ஊர் ஃபேவர்ஷாமில் இருக்கும் ஷெப்பர்ட் நீம் என்ற பழைமையான பீர் நிறுவனத்தின் பப் அது.

ஸ்டீபன் சமையல் கல்லூரிப் பக்கமே போனதில்லை. வரலாற்று ஆசிரியராக இருந்தார். நிதி ஆலோசகராக வேலை பார்த்தார். பங்க் இசைக்குழுவிலும் இருந்தார். லண்டனின் பெரிய உணவகங்களில் சாப்பிட்டு, அந்த ருசியை வீட்டு அடுப்பில் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தே கற்றுக்கொண்டவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த கடலோரத்தில் பாழடைந்த பப்பை எடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்! சாப்பாடு சரியில்லை என்றால், 'வழியில்தானே இருக்கிறது' என்று அங்கே யாரும் எட்டிப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

வரலாறு படித்தவர் அல்லவா... அந்த மண்ணின் கதையையே சமையலுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். 1086-ல் இங்கிலாந்து மன்னர் வில்லியமின் உத்தரவில் தயாரான 'டூம்ஸ்டே' நிலக்கணக்குப் புத்தகத்தில் சீசால்டர் இருக்கிறது. எப்படித் தெரியுமா? கேன்டர்பரி தேவாலயத்தின் சமையலறைக்குச் சொந்தமான ஊர் என்று! அதாவது, சமையலறைக்காகவே ஒதுக்கப்பட்ட மண் அது.

ஊர்ப் பெயரிலேயே கடலும் உப்பும் இருக்கின்றன. 'அப்புறம் எதற்குக் கடையில் உப்பு வாங்க வேண்டும்?' கரைக்கு அந்தப் பக்கம் போய்க் கடல்நீரை எடுத்து வந்து, வடிகட்டி, காய்ச்சி, சமையலறையிலேயே உப்பு எடுக்க ஆரம்பித்தார். பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஒரு கிலோ உப்புக்குக் கிட்டத்தட்ட 30 லிட்டர் தண்ணீரைச் சுண்டவைக்க வேண்டும். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை பாடு!

தட்டில் மீன் மட்டும்

மேஜைக்கு ரொட்டி வரும். அங்கேயே சுட்டது. கூடவே, அங்கேயே கடைந்த வெண்ணெய். அதில் அங்கேயே காய்ச்சிய உப்பு. ரொட்டியும் வெண்ணெயும்தான் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பதார்த்தத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

இந்தக் கடையின் பேர் சொல்லும் உணவு 'ஸ்லிப் சோல்'. நம்மூர் நாக்கு மீனைப் போலத் தட்டையான, சின்ன மீன். கடற்பாசி கலந்த வெண்ணெயை அதன்மேல் வைத்து, முள்ளோடு அப்படியே நெருப்பில் வாட்டித் தருகிறார்கள். பக்கத்தில் காய்கறி இல்லை, மேலே அலங்காரம் இல்லை. தட்டில் மீன் மட்டும், சுற்றிலும் உருகி ஓடும் பசுமஞ்சள் வெண்ணெய். கத்தியால் லேசாகத் தொட்டாலே சதை முள்ளை விட்டுப் பிரியும். மீன் ஒரு நாள் பழையதாக இருந்தாலும், வெப்பம் ஒரு நிமிடம் கூடினாலும் மறைக்க வழியில்லை. எளிமையான சமையலில் இருக்கும் கஷ்டமே அதுதான்.

யாருக்கான பப்?

புகழுக்கு ஒரு விலையும் உண்டு. இன்று இங்கே முன்பதிவு இல்லாமல் மேஜை கிடைப்பது கஷ்டம். பில்லும், அக்கம்பக்கத்து விவசாயி தினமும் கொடுக்கிற அளவில் இல்லை. ஊருக்குப் பொதுவான இடம், வெளியூர்க்காரர்களின் விருந்து மண்டபமாக மாறிவிடாதா? நியாயமான கேள்விதான். நல்ல சமையலால் பெயர் வாங்கிய ஒவ்வொரு கிராமத்து பப்பும் இதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் பல பப்கள் மூடப்படுகின்றன. வெறும் பீர் விற்று விளக்கெரிய வைப்பது பல குடும்பங்களுக்கு முடியாத காரியமாகிவிட்டது. பப் மூடிய கிராமத்தில், மாலையில் நாலு பேர் சேர்ந்து உட்கார இடமில்லாமல் போகிறது. சீசால்டர் சகோதரர்கள் அந்த விளக்கை அணையவிடாமல் காத்தது சமையலால்தான். அதற்காகக் கடையை நட்சத்திர ஹோட்டல்போல மாற்றிவிடவில்லை. ஸ்டார் கிடைத்த பிறகும் அது மர மேஜை போட்ட பப்பாகவே இருந்தது.

அடுத்த முறை விருந்து என்றதும் பதினைந்து அயிட்டத்துக்குப் பட்டியல் போடுவதற்கு முன், அந்த ஒற்றை மீனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு சரியாக இருந்தாலே பாதி விருந்து முடிந்துவிடுகிறது!