தண்ணீரையும் துறக்க வேண்டுமா?

தவக்காலம் வந்தாலே நம் பங்குகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. உணவை மட்டும் ஒறுத்தால் போதுமா, தண்ணீரையும் விட்டால்தான் முழுமையான நோன்பா? அண்மைக் காலத்தில் இக்கேள்விக்கு இன்னொரு பக்கமும் சேர்ந்துள்ளது. ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாத 'உலர் நோன்பு' கொழுப்பைக் கரைக்கும், உடலைச் சுத்தமாக்கும், நோய்களை விரட்டும் என்று கைபேசிக் காணொளிகள் சொல்கின்றன. பக்தியும் உடல்நலமும் ஒருசேரக் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் நம் மக்கள் இதைக் கடைப்பிடிக்கலாமா என்பதை நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன? தண்ணீர் கிடைக்காதபோது உடல் தன் கொழுப்பை எரித்துத் தண்ணீரை உண்டாக்கிக்கொள்ளும் என்கிறார்கள். செல்கள் தங்கள் பழுதான பகுதிகளைத் தாங்களே செரித்துப் புதுப்பித்துக்கொள்வதை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஒசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றதையும் சான்றாகக் காட்டுகிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 10 பேர் மருத்துவக் கண்காணிப்பில் 5 நாள் உணவும் நீரும் இன்றி இருந்தார்கள். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. இவற்றையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்பது உண்மையே. ஆனால் பட்டினி கிடக்கும் உடல் ஒரு நாளில் எரிப்பது கால் கிலோ அளவுக்குள்தான். அதிலிருந்து கிடைப்பதோ ஒரு டம்ளர் தண்ணீர். சும்மா படுத்திருந்தாலும் மூச்சு, தோல், சிறுநீர் வழியாக ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறிவிடும். உலர் நோன்பில் மளமளவென்று குறையும் எடையில் பெரும்பகுதி இப்படிப் போன தண்ணீரே. தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். ஒசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. உலர் நோன்பை அல்ல. 10 பேரை வைத்துச் செய்த ஆய்வு, கடும் வெயிலில் வேலை செய்பவருக்கு உத்தரவாதம் ஆகாது.

தண்ணீர் இல்லாத பட்டினி எவ்வளவு கடுமையானது என்பதற்கு வரலாறும் சாட்சி. தனி ஆந்திர மாநிலம் கேட்டு 1952-இல் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58-ஆம் நாளில் உயிர்விட்டார். அவர் நீரைத் துறக்கவில்லை. 1987 செப்டம்பர் 15-இல் யாழ்ப்பாணம் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாநோன்பு தொடங்கிய திலீபன், செப்டம்பர் 26-இல் உயிரிழந்தார். அவருக்கு வயது 23. அவர்களுடைய அரசியல் பற்றி நாம் இங்கே பேசவில்லை. ஒருவருக்கு 58 நாள். மற்றவருக்கு 12 நாள்.

இனி நம் பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. உலை அருகே நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை கொட்டலாம். நீர் குறைந்தால் இரத்தம் கெட்டியாகும், தலை சுற்றும், கவனம் சிதறும். உருகிய இரும்பின் அருகே ஒரு நொடி கவனம் சிதறினால் ஆபத்து அவருக்கு மட்டுமா? பக்கத்தில் நிற்பவருக்கும்தான். இது நாள்தோறும் தொடர்ந்தால் சிறுநீரகம் கெடும், கல் உண்டாகும். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும் இதை நினைக்கவே கூடாது.

தாய்த் திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? நம் தாத்தா பாட்டி காலத்தில், நற்கருணை வாங்குபவர்கள் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது ஒழுங்கு. 1953 சனவரியில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இதை மாற்றி, தண்ணீர் நற்கருணை நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். இரவும் பகலும் மாறி மாறி ஆலைகளிலும் போக்குவரத்திலும் உழைப்போரின் களைப்பை அவர் தம் மடலில் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். ஷிப்டு தொழிலாளிக்காகத் திருச்சபை தன் பழைய ஒழுங்கையே தளர்த்தியது! இன்று நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பே கடமை. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. சாம்பல் புதனிலும் புனித வெள்ளியிலும்கூட ஒருவேளை முழு உணவு உண்டு. தண்ணீருக்குத் தடையே இல்லை. 18 வயது நிறையாதவர்களுக்கும் 60-ஆம் வயதில் கால் வைத்தவர்களுக்கும் இந்த நோன்புக் கடமை கிடையாது.

எஸ்தர் அரசி மூன்று நாள் உண்ணாமலும் குடிக்காமலும் இருந்தாரே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தம் இனமே அழிவின் விளிம்பில் நின்ற நாள் அது. ஆண்டுதோறும் செய்யும் பயிற்சி அல்ல. இரமலான் மாதத்தில் பகலெல்லாம் தண்ணீர் அருந்தாத நம் இசுலாமியச் சகோதரர்களும் மாலையில் நோன்பு திறந்து நீர் அருந்துகிறார்கள். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் அங்கே விலக்கு உண்டு.

அன்பார்ந்தவர்களே, விரும்பாமலே உலர் நோன்பு இருப்போர் நம் நடுவே உண்டு. கழிப்பறைக்குப் போக நேரமோ வசதியோ இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண் தொழிலாளிகள் எத்தனை பேர்! 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டளையிட்டது. ஒடுக்கப்பட்டோரின் நுகத்தை உடைப்பதே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயா வழியாக இறைவன் சொன்னது இதற்குப் பொருந்தாதா?

ஆகவே, நோன்பு இருங்கள், தண்ணீர் குடியுங்கள். நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே உணவைக் குறையுங்கள். உணவில் மிச்சமான பணத்தில் ஆலை வாசலிலோ பேருந்து நிறுத்தத்திலோ ஒரு தண்ணீர்ப் பந்தல் வையுங்கள். மொழி தெரியாத ஊரில் உழைக்கும் ஒடிசா, பீகார் சகோதரர்களும் அங்கே தாகம் தணியட்டும். தாகமாயிருந்தவருக்குக் கொடுத்ததைத் தமக்கே கொடுத்ததாக ஏற்பவர் நம் ஆண்டவர்.