அடுப்பு ஆண்டுகளை யார் எண்ணுவது?

நுரையீரல் புற்றுநோய் யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டிக் கணிக்கும் அளவுகோல்கள் பெரும்பாலும் ‘புகைபிடிப்பீர்களா?’ என்ற ஒரே கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. ‘இல்லை’ என்று சொல்லும் பெண்ணோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் 2021 பரிந்துரையைப் பாருங்கள். வயது 50 முதல் 80. குறைந்தது 20 ‘பாக்கெட் ஆண்டுகள்’ புகைத்திருக்க வேண்டும். விட்டிருந்தால் 15 ஆண்டுகளுக்குள் விட்டிருக்க வேண்டும். இவர்களுக்குத்தான் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். தினம் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு பிடித்தால் அது ஒரு பாக்கெட் ஆண்டு. 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதமே. இந்த அளவுகோல் அப்படியே இங்கு வந்தால் நம்மில் ஏறக்குறைய எல்லோரும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவோம்.

எங்கள் கோவில்பதாகையில் இன்று எரிவாயு அடுப்புதான். ஆனால் ஐம்பதைக் கடந்த பெண்களின் நுரையீரலுக்கு விறகும் வரட்டியும் மண்ணெண்ணெயும் தெரியும். ஊதாங்குழலோடு கழிந்த அந்த ஆண்டுகளுக்கு ‘அடுப்பு ஆண்டு’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வீட்டுக்குள் எரியும் நிலக்கரியின் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்றும், விறகுப் புகை உண்டாக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி ஆண்டுகள் பலவாகின்றன. கணவர் பற்றவைத்த பீடியின் புகையும் நம் கணக்கில்தான் சேர்கிறது.

கேள்வியே இல்லை என்றும் சொல்ல முடியாது. முப்பது வயது கடந்தவர்களுக்காக ஒன்றிய அரசு வகுத்த தொற்றாநோய் மதிப்பீட்டுப் படிவத்தில், எதை எரித்துச் சமைக்கிறீர்கள் என்ற கேள்வி உண்டு. ஆனால் புகையிலைக்கு மதிப்பெண் உண்டு, அடுப்புக்கு இல்லை. பெண்ணின் உழைப்பை எழுதிக்கொள்வது, ஆனால் கூட்டலில் சேர்க்காமல் விடுவது: நமக்குப் பழகிய கணக்குதான் இது.

அறிவியலால் முடியாததா? தைவானில் புகைக்காதவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய், பிறர் விட்ட புகை, காசநோய், எத்தனை ஆண்டுகள் எவ்வளவு சமைத்தார் என்ற ‘சமையல் குறியீடு’ என்றெல்லாம் பார்த்து ஆட்களைத் தேர்ந்தார்கள். சுமார் 12,000 பேரில் 2.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. குடும்ப வரலாறு உள்ளவர்கள் புகைக்காவிட்டாலும் பரிசோதிக்கப்படும் அரசுத் திட்டம் 2022இல் அங்கே வந்தது.

எல்லோரையும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கதிர்வீச்சும் தவறான அபாய மணியும் உண்மையான தீங்குகள். பழைய காசநோய்த் தழும்புகள் மிகுந்த நம் நாட்டில் அந்த மணி இன்னும் அதிகமாகவே ஒலிக்கும். ஆகவேதான் நமக்கென ஒரு கணிப்பு வேண்டும், நம் பெண்களின் வாழ்க்கையிலிருந்து திரட்டிய தரவுகளோடு. இந்திய அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்றோடு நிற்கிறது. நான்காவதைச் சேர்க்கும் நாள் வரும்போது, முதல் கேள்வி ‘எத்தனை ஆண்டுகள் அடுப்படியில் இருந்தீர்கள்?’ என்பதாக இருக்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும்.