மலேரியா போய்விட்டது, நுளம்பு போகவில்லை

"நாடுதான் மலேரியா இல்லாத நாடாகிவிட்டதே, இன்னும் நுளம்பைப் பிடித்து மரபணு பார்க்கக் காசு செலவழிக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நமக்கு அந்தச் சான்றிதழைத் தந்தது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு முதன்முறையாகப் பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அது. நமது பழைய மலேரியா நுளம்பு ஆறு வற்றிய குட்டைகளில் பெருகியது. இது வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடித்தார்கள். வந்தது இன்ன இனம்தான் என்பதை உறுதிப்படுத்தியது மரபணுப் பரிசோதனை.

"நுளம்பு நுளம்புதானே" என்பவர்களுக்கு இன்னொன்று. நமது பழைய எதிரி அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். இலங்கையில் அதற்குள்ளேயே இரண்டு வகை: பி, ஈ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மலேரியாவை முக்கியமாகக் காவியது ஈ வகை. நிறமூர்த்தங்களைப் பார்த்துத்தான் பிரித்தறிந்தார்கள். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் குற்றவாளியும் அயலவனும் ஒரே பட்டியலில்தான் இருந்திருப்பார்கள்.

இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. நுளம்பின் ஒரு கால் போதும். அதிலிருந்து மரபணுவின் ஒரு சிறு துண்டைப் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசித்து, ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பவற்றோடு ஒப்பிடுவார்கள். சிறகு உடைந்து செதில் உதிர்ந்த நுளம்பும் தப்பாது.

ஆனால் நமது ஊர்களில் "புகை அடித்தாச்சு" என்றால் எல்லோருக்கும் திருப்தி. பறக்கிற நுளம்புக்குத்தான் புகை. கிணற்றுக்குள் இருக்கும் குடம்பிக்கு அது என்ன செய்யும்? எந்த நுளம்பு என்று தெரிந்தால்தானே எங்கே தேடுவது, மீன் விடுவதா, தொட்டியை மூடுவதா என்று முடிவெடுக்கலாம்?

1963இல் நாடு முழுக்க 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். வென்றுவிட்டோம் என்று மருந்து தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. இதைப் படித்த பிறகும் கண்காணிப்பை வீண்செலவு என்பவர்கள் எந்த வரலாற்றைப் படித்தார்கள்?

நாங்கள் கேட்பது இரண்டுதான். மரபணுப் பரிசோதனை ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்காமல், கரையோர மாவட்டங்களில் வழக்கமான கண்காணிப்பின் பகுதியாக வேண்டும். கிணற்றைப் பார்க்க வருகிற உத்தியோகத்தரை நாம் கேற்றடியில் வைத்துத் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு ஒருவர் வந்து இறங்கினாலே போதும். காத்திருக்கிற நுளம்பு எதுவென்று அதற்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.