வாசலில் முளைத்த கண்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு மாடிக்கு நான்கு கதவுகள். சென்ற ஆண்டு எதிர்வீட்டுக்காரர் காலிங் பெல்லை மாற்றினார். புதியதில் ஒரு கண் இருந்தது. அதன் முன்னால் யார் நகர்ந்தாலும் அவருடைய செல்போன் ஒலிக்கும். அவர் கதவுக்கு நேரெதிரே என் கதவு. நான் பால் பாக்கெட் எடுக்கக் குனிவதும், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குப்பை வாளியை வெளியே வைப்பதும் அன்றிலிருந்து அவர் கைக்குள் இருக்கின்றன. கேட்டதற்கு, "உங்க பாதுகாப்புக்கும்தான் மேடம்" என்று சிரித்தார். என் பாதுகாப்பை நான் அவரிடம் ஒப்படைக்கவே இல்லை.

மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலை. ஓர் இரவு, உடன் வேலை பார்க்கும் பையன் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டான். மறந்துபோன டிபன் பையைக் கொடுக்கப் படியேறி வந்தான். சில நொடிகள், அவ்வளவுதான். மறுநாள் காலை அந்தக் காட்சி அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. "இது குடும்பங்கள் இருக்கிற இடம்" என்று கீழே ஒரு வரி. வாடகைக்காரர்களுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. அதனால் அவள் வீட்டார் பதில் சொல்லவும் வழியில்லை. மாதக் கடைசியில் காலிசெய்து போனார்கள். அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வகுப்பில் நான் அகத்திணை நடத்துகிறவள். சிலர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊர் முழுக்கப் பேசினால் அலர். அலர் எழுந்ததும் பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவது இற்செறிப்பு. மாணவிகள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நான் இதை என் மாடியிலேயே பார்த்துவிட்டேன். அகப்பாட்டில் வருகிறவர்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. காலிங் பெல் கேமராவோ முகம், நாள், மணி, நிமிடத்தோடு சுட்டுகிறது.

நான் வளர்ந்தது ராயபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய். அங்கே கண்காணிப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திண்ணைக் கிழவி எல்லோரையும் பார்ப்பாள். ஆனால் நாங்களும் அவளைப் பார்ப்போம், சண்டை போடுவோம், "நீ பாத்தியா?" என்று மடக்குவோம். அவளுக்கு மறதியும் உண்டு, இரக்கமும் உண்டு. விடிவதற்குள் காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பும் பெண்களைப் பார்த்து எங்கே போகிறாய் என்று அவள் கேட்டதில்லை. இந்தக் கண்ணிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு விலக்கு அளிக்கிறது. எதிர்வீட்டு வாசலைப் பிடிக்கும் கேமராவும் இந்தச் சந்துக்குள் நுழைந்துகொள்ளப் பார்க்கும். ஆனால் ஒரே கட்டடத்தில் வாழ்ந்த இரு சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உடன்பிறந்தவருக்கே சம்மதம் வேண்டுமென்றால், பொது நடையைப் பகிரும் அயலாருக்கு வேண்டாமா? இங்கிலாந்தில் பக்கத்து வீட்டு 'ரிங்' காலிங் பெல்லுக்கும் கேமராக்களுக்கும் எதிராக ஒரு பெண் தொடுத்த வழக்கில், ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் 2021இல் அவர் பக்கம் நின்றது. தொலைவிலிருந்து பேச்சொலியைப் பிடிப்பது படம் பிடிப்பதைவிடவும் மோசம் என்றது. நம் மாடிகளில் கதவோரம்தானே அழுகையும் சண்டையும் அம்மாவிடம் போன் பேசுவதும் நடக்கின்றன?

சங்கிலி பறிப்பவனைப் பிடிக்கக் கேமரா உதவுகிறதே என்பார்கள். உதவுகிறது. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று வீதிதோறும் அதைப் பரப்பியதும் அதற்காகத்தான். தெருவைப் பார்க்கட்டும், கட்டடத்தின் வாயிலைப் பார்க்கட்டும். சங்கிலித் திருடனுக்காக வைத்தது எப்போது பெண் வீடு திரும்பும் நேரத்தை எண்ணத் தொடங்கியது என்பதே என் கேள்வி. திருடனின் படத்தைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், பெண்ணின் படத்தை ஏன் வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகிறார்கள்?

அடுத்த அசோசியேஷன் கூட்டத்துக்கு நான் எழுதிவைத்திருப்பது இது. தனி வீட்டுக் கேமரா அந்த வீட்டுக் கதவின் முன்னால் நிற்பவரை மட்டும் பார்க்க வேண்டும். எதிர்க்கதவு தெரிந்தால் அந்தப் பகுதியை மறைக்க வேண்டும். ஒலிப்பதிவு கூடாது. பதிவு சில நாட்களில் தானாக அழிய வேண்டும். காட்சியைக் காவல்துறைக்குத் தவிர யாருக்கும், எந்தக் குழுவுக்கும் அனுப்பக் கூடாது. பொது இடத்தில் புதிய கேமரா வைக்க அந்த மாடியில் வசிக்கும் எல்லா வீட்டாரும், வாடகைக்காரர்களும் சேர்த்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கையெழுத்து என்றால் அது ஆணின் கையெழுத்தாகிவிடும். ஆகவே பெண்களும் தனியே கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது கதவில் இப்போது வேறொரு குடும்பம் குடிவந்திருக்கிறது. அங்கேயும் வேலைக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறாள். முதல் கையெழுத்தை அவளிடம்தான் வாங்கப் போகிறேன். நீங்களும் உங்கள் மாடியில் இருந்து தொடங்குங்கள்.