கிணற்று நீரும் மாடி அறையும்

மார்கழி விடியலில் கிணற்று நீரை இறைத்துக் குளித்தவர்கள் அறிவார்கள். அந்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை நண்பகலில் அதே நீர் உடலுக்குக் குளிர்ச்சி தரும். உண்மையில் நீர் அதிகம் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றே. நிலத்தின் ஆழத்தில் வெப்பநிலை ஏறத்தாழ அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடலைப் படித்தபோது இக்கிணறே நம் நினைவுக்கு வந்தது. சுவீடனில் குடியேறிய அவருடைய தம்பி, முற்றத்தில் ஆழ்துளையிட்டு, நிலத்தின் வெப்பத்தைக்கொண்டு வீட்டைச் சூடாக்குகிறாராம். அதுபோல் நிலத்தின் குளிர்ச்சியை நம் வீட்டிற்குள் கொண்டுவர இயலாதா என்று கேட்கிறார். மாடி அறையில் அவருடைய மாமியார் இரவெல்லாம் உறக்கமின்றித் தவிக்கிறார். குளிர்சாதனம் வாங்கக் கடன்படுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

முதலில் தம்பியின் வீட்டைப் பார்ப்போம். சாதாரண மின்கணப்பு 1 யூனிட் மின்சாரத்திற்கு 1 யூனிட் வெப்பமே தரும். எண்ணெய்க் கொதிகலன் தன் வெப்பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கி வழியே இழந்துவிடும். வெப்பப் பம்போ வெப்பத்தை உண்டாக்குவதில்லை; நாம் நீர் இறைப்பது போல், ஓரிடத்து வெப்பத்தை இறைத்து மற்றோரிடத்தில் சேர்க்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளே குளிர்ந்து வெளியே சுடுவதும் இவ்வாறே. வெளிக்காற்றிலிருந்து இறைக்கும் பம்பு விலை குறைந்தது; ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் தளரும். ஸ்டாக்ஹோமில் வெளியே பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரி என்றாலும், ஆழத்துப் பாறை 8 டிகிரி அளவில் இருக்கும். 100, 200 மீட்டர் ஆழத்திற்குக் குழாய் இறக்கி, உறையாத நீர்மத்தைச் சுழலவிட்டு, அங்கிருந்து இறைத்தால் 1 யூனிட்டுக்கு 3 யூனிட்டுக்கு மேலும் வெப்பம் கிடைக்கிறது. துளையிடும் செலவு பெரிதுதான். எனினும் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் பாடம் கற்ற நாடு அது. ஆண்டில் பல மாதங்கள் கணப்பு வேண்டியிருப்பதால் செலவும் மீண்டுவிடுகிறது.

திருச்சியின் நிலத்தடியோ 29 டிகிரியை ஒட்டியது. இறைத்துக்கொள்ள அங்கே குளிர்ச்சி ஏது? அறையின் வெப்பத்தை அதனுள் தள்ளலாம். கோடைக்காற்றில் தள்ளுவதைவிட அது எளிதும்கூட. ஆனால் தள்ளிய வெப்பத்தைத் திரும்ப எடுக்கக் குளிர்காலம் இல்லாத ஊரில், குழாயைச் சுற்றிய மண் ஆண்டுக்காண்டு சூடேறும். ஓர் அறைக்காகத் துளையிடுவது வீண்செலவு.

சகோதரியே, இன்றிரவே மாமியாரின் கட்டிலைக் கீழ்த்தளத்திற்கு இறக்குங்கள். மாடியில் இளையவர்கள் படுக்கட்டும். பகலெல்லாம் வெயிலை உண்ட கான்கிரீட் தளம் இரவில் அதை அறைக்குள் உமிழ்கிறது. மின்விசிறி அச்சூட்டையே கீழே வீசுகிறது. தளத்தின்மேல் வெண்சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ பூசுங்கள். வசதியுள்ளபோது தட்டோடு பதியுங்கள். ஏர் கூலர் திருச்சியின் வறண்ட கோடைக்கு ஏற்றது, சன்னலைத் திறந்துவைத்தால். சென்னை, தூத்துக்குடி வாசகர்கள் அதை நம்பவேண்டாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது புழுக்கத்தையே கூட்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் தேவைப்பட்டால் குளிர்சாதனம் வாங்குவதில் தவறில்லை. அதனை ஆடம்பரம் என்று ஏசுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. முதியோருக்கும் இதய நோயாளருக்கும் கடும் வெப்பம் உயிருக்கே ஆபத்து. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியும் உடலைக் குளிர்விக்காது. ஆனால் ஒன்றரை டன் சாதனம் ஓடும்போது ஏறத்தாழ 1500 வாட் இழுக்கும். பழைய மின்விசிறிக்கு 75 வாட் போதும். தளத்தைச் சீர்செய்தபின் வாங்கினால், சிறிய அறைக்கு 1 டன்னே போதுமானதாகலாம். 26 டிகிரியில் வைத்து, உடன் மின்விசிறியை மெல்லச் சுழலவிடுங்கள். வெளிப்பெட்டியை மாலை வெயில் படாத சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.